அரைச்சாண் இடது

உதய்ப்பூரிலிருந்து மரப்பெட்டியில் வந்தது.
பிறந்தது போன மாசி,
முகம் மட்டும் இருநூறு வருஷத்துப் பழசு.
சண்டைக்குப் போன ஏதோ ஒரு துப்பாக்கியின் நகல்,
தான் எங்கும் போகாதது.
உரிமத்தில் என் பெயர், ரெ. இருதயமேரி.
காரணம் என்ற கட்டத்தில்: பயிர்ப் பாதுகாப்பு.

மங்களங்கொம்பில் பத்து மணிக்குத்தான் மூட்டம் விலகும்.
அதுவரை மருந்துக் கொம்பை
ஸ்வெட்டருக்குள் வைத்திருந்தேன்,
நனைந்த கோழிக்குஞ்சை வைப்பதுபோல.

மண்மேட்டில் சாய்த்த பலகை,
பலகையில் யூரியா சாக்கு,
சாக்கில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து
அடுப்புக்கரியால் ஒரு வட்டம்.
ஐம்பது எட்டு என்றான் அந்தோணிக்கண்ணு, நடந்து அளந்து.
நான் நடந்தால் ஐம்பத்தெட்டு எட்டு.
லாரி ஓட்டுகிறவன்,
எதையும் கொஞ்சம் கிட்டவே சொல்வான்.

முதல் தடவை கிண்ணி மட்டும் எரிந்தது.
புஸ்.
குழலுக்குள் இருந்த மருந்து
காதில் விழாத மாதிரி இருந்துவிட்டது.
வாயை மேட்டுக்கே காட்டி
நூறு எண்ணி, இன்னொரு நூறும் எண்ணி
அப்புறம்தான் ஊசியெடுத்துத் துளையைக் குத்தினேன்.

இரண்டாம் தடவை தோள் வாங்கிக்கொண்டது.
பன்றிமலை வரைக்கும் போய்த் திரும்பியது சத்தம்.
எதிரில் வெறும் புகை, அழுகிய முட்டை வாடை.
புகை கலையும்வரை
எங்கே பட்டதென்று சுட்டவளுக்கே தெரியாது.
"இடது! அரைச்சாண்! கொஞ்சம் கீழே!"

மூன்றாவதும் இடது அரைச்சாண்.
நான்காவதும்.
மூன்று ஓட்டையையும் ஒரு தேங்காய்மூடியால் மூடலாம்.
ஆக, கை ஆடவில்லை, கண் மூடவில்லை.
துப்பாக்கி பொய் சொல்லவில்லை,
ஒரே பொய்யை மாற்றாமல் சொல்லிக்கொண்டிருந்தது.
அப்படிப்பட்டவர்களோடு குடித்தனம் நடத்தலாம்.

முன்வாயருகே, காடியில் செருகிய பித்தளை முள்.
இடதில் விழுகிறது, அப்ப முள்ளை வலதில் தட்டுக்கா என்றான்.
எனக்கும் அப்படித்தான் தோன்றியது.
பீடிக்கட்டின் காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தேன்,
கண், முள், வட்டம்.
வலதில் தட்டினால் இன்னும் இடதில் போகும்.
தவறு எந்தப் பக்கமோ
அந்தப் பக்கமே முள்ளும் போகவேண்டும்.
தாழ விழுந்தால் முள்ளையும் தாழ்த்தவேண்டும்.
அவன் நம்பவில்லை.
சுத்தியலைத் தூக்கிய என் கையும் நம்பவில்லை.

மரத்துண்டு வைத்து இடதுபுறம் தட்டினேன்,
இரண்டு அரிசி தடிமன்.
தலையில் அரத்தால் நாலு இழுப்பு,
போதும், தேய்ந்ததை ஒட்டவைக்க முடியாது.
எழுபது கிரெயின் மருந்து,
விளக்கெண்ணெயில் தோய்ந்த வேட்டித்துணி,
ஈயக்குண்டு, இடிகம்பி, மூச்சு.

ஐந்தாவது வட்டக்கோட்டிலேயே விழுந்து கரியைத் தின்றது.
ஆறு உள்ளே.
ஏழு உள்ளே.
எட்டாவது சுடவில்லை. மருந்து விலை அப்படி.

மூன்றாம் நாள் பொழுது சாயும்போது
சவ்சவ் பந்தலில் காட்டுமாடு.
முழங்காலுக்குக் கீழே வெள்ளை,
பள்ளிக்கூடத்துப் பையன் காலுறை போட்டதுபோல.
அதைத் தொடும் உரிமம் எந்தப் பெட்டியிலும் வராது.
வந்தாலும் எனக்கு வேண்டாம்.
நாலு கம்பம் தள்ளிச் செம்மண் சரிவில்
ஒரு வெள்ளைக் கறை இருந்தது.
அதைப் பார்த்தேன், முள்ளைப் பார்த்தேன்,
இழுத்தேன்.

புகை கலைந்தபோது மாடு நின்றபடியே நின்றது,
கொம்பில் ஒரு முழம் கொடி.
என்னை எடைபோட்டது.
பிறகு மிளகுக்கொடிக்குள் நடந்து போனது,
ஓடவில்லை, நடந்துதான் போனது.

வத்தலக்குண்டு பஸ் நிற்கும் டீக்கடையில்
கண்ணு சொல்லியிருக்கிறான்:
இம்புட்டுப் பெரிய மாடு, மேரியக்காவுக்குக் குறி தவறிப்போச்சு.

தவறட்டும்.
டார்ச்சோடு சரிவில் ஏறிப்
பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.
கறையின் நடுவில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை.
இறங்கி வந்து வெந்நீர் வைத்தேன்.
குழலில் ஊற்றியது
கறுப்பாக வந்தது, சாம்பலாக வந்தது,
நாலாவது சொம்புக்குத்தான்
தண்ணீராக வந்தது.