ரப்பர் தூள்

ஏழு வயதில் நான் வரைந்த டைனோசர்
வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு போனது.
படப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.
பிறகு எலும்பு பார்ப்பவர்கள்
வாலைத் தூக்கிவிட்டார்கள்;
நானும் ரப்பரை எடுத்தேன்.

இப்போது ஐம்பத்திரண்டு.
கோத்தகிரி டீ ஃபேக்டரியில் எடைக்கணக்கு.
பழைய பேரேட்டின் பின்பக்கத்தில்
வால் அந்தரத்தில் நிற்க, முதுகெல்லாம் இறகு.
"இறகா? யாரு பாத்தா?" என்கிறார் போஜன்,
மூட்டையை இறக்கிக்கொண்டே.
யாரும் பார்க்கவில்லை.
கல் கொஞ்சம் சொல்கிறது,
சொல்லாததைக் கூச்சத்தோடு சேர்க்கிறேன்.

பின்னணிக்குச் சிரமமில்லை.
சோலையோரம் மரப்பெரணி
இன்னும் அந்தக் காலத்திலேயே நிற்கிறது.
மூடுபனிக்கு
காகிதத்தைச் சும்மா விட்டால் போதும்.

நேற்று மழை விட்டதும்
கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே
சாம்பல் காட்டுக்கோழி ஒன்று
தலையை வெட்டி வெட்டி நடந்துவந்து
சேற்றில் மூன்று விரல் பதித்தது.
நின்றது. ஒரு கண்ணால் பார்த்தது.
நான் இரைதானா என்று
எடை போடுகிற பார்வை.

ராத்திரி பேரேட்டைத் திறந்தேன்.
நிறம் இருக்கட்டும், அப்புறம்.
கண்ணை மட்டும் அழித்தேன்,
நாலு தடவை.
மேசையெல்லாம் ரப்பர் தூள்.