மோந்து பார்க்கிற கிழமை

ஜெர்மனில் அதற்குப் பெயர் ஷ்னுப்பர்ன்.
தெருக்கம்பத்தை நாய் மோப்பதற்கும்
எட்டாம் வகுப்புப் பிள்ளை ஐந்து நாள்
ஒரு வேலைக்குப் போய்ப் பார்ப்பதற்கும்
இங்கே ஒரே சொல்.
ஸ்பிண்டன் ரீச்சர் சிரித்துக்கொண்டே
படிவங்களை நீட்டினா.

மோந்தேன்.

பல் வைத்தியரின் அறையில் கிராம்பு மணம்.
ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை,
வாயைத் திறந்தபடி கூரையைப் பார்த்தார்கள்.
பேக்கரியில், காலை ஆறு மணிக்கே,
வெண்ணெய் காதுக்குள்ளும் ஏறியிருந்தது.
மூன்றாம் நாள் பாண் பிடிக்காமல் போயிற்று.
நான்காம் நாள் திரும்பப் பிடித்தது. ஏன் என்று எழுதப்
படிவத்தில் இடமில்லை.

அம்மாவுக்கு ஒரே ஒரு மணம்தான்:
ஆசுப்பத்திரி.
பதினாறு வருசம் அங்கே தரை துடைத்து
எந்தக் கதவுக்குப் பின்னால் டொக்டர்மார்
கோப்பி குடிப்பார்கள் என்று அறிந்தவ.
அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு
ஒருநாள் நான் உள்ளே போகவேணும். அவ்வளவுதான்.
கணக்கில் எனக்கு மூன்றரை. நான்கு எடுத்தால் பாஸ்.
"அரைதானே குறையுது" என்பா.

மூன்றாவது கிழமைக்கு
ஒரு லிப்ட் கொம்பனி கிடைத்தது.
அப்பா கையெழுத்து வைத்துப் பேனையை மூடினார்.
"கொம்மாவுக்கு நான் சொல்லுறன்."
சொன்னார் என்றுதான் நினைத்திருந்தேன்.

எஷ்லிமன் குறைவாகப் பேசுகிற மனிசன்.
கண்வரை இறங்கும் தொப்பியும்
செம்மஞ்சள் ஜாக்கெட்டும் தந்து
இதைத் தொடாதே, இதைத் தொடாதே,
இதைத் தொடலாம் என்றார்.
செவ்வாய் ஒரு வங்கி. புதன் மழை, ஒரு பள்ளிக்கூடம்.
வியாழன், பூர்க்டோர்ஃப் பாலத்தைத் தாண்டி
வேன் திரும்பிய தெரு
எனக்குத் தெரிந்த தெரு.
எட்டு மாடி, பதினேழாம் இலக்கம்,
தபால்பெட்டியில் எங்கள் நீளப் பெயர்.

நான் வாயே திறக்கவில்லை.

லிப்டுக்குள் நின்றிருக்கிறேன், ஆயிரம் தரம்.
லிப்டின் தலையில் நிற்பது வேறு.
இருட்டு. எண்ணெய். விரல் மொத்தத்தில் கம்பிகள்.
ஊர்ந்து ஊர்ந்து மேலே போகையில்
மாடிகள் கதவிடுக்கால் தங்கள் மத்தியானத்தை
விட்டன: உருகிய சீஸ், சலவைத்தூள்,
எரித்திரேயக்காரர் வறுக்கும் கோப்பி,
பிறகு நான்காம் மாடி. வெந்தயம்.
பழுது பார்க்கிறோம் என்ற பலகையைப் படியாமல்
லிப்டுக்குக் காத்து நின்ற அம்மாவின் குரல்,
ரொறன்ரோ சுதர்சினி அன்ரியோடு, கைபேசியில்:

"இவள் இந்தக் கிழமை பார்மசியில நிக்கிறாள்.
ஓமோம், டொக்டருக்குத்தான்.
இது சும்மா, அனுபவத்துக்கு."

பார்மசி.
அப்பா சொல்லித்தான் இருக்கிறார்.

கை நீட்டினால் தொடுகிற தூரம்.
நடுவில் ஓர் இரும்புக் கதவு. அதன் என் பக்கத்தில்
ஒரு சின்ன உருளை ஒருபக்கமாய்த் தேய்ந்துபோய் இருந்தது.
நான்கு வருசமாய் நடு இரவில் கிறீச்சிட்டு
என்னை எழுப்பியது இதுதானா?
எஷ்லிமன் ஸ்பானரை என்னிடம் தந்தார்.
ஆணி முதலில் அசையவே இல்லை.
பிறகு அசைந்தது.
புதியதைப் பூட்டி, கதவைத் தள்ளிப் பார்த்தோம்.
ஒரு சத்தமும் இல்லை.
"குவெட்" என்றார், பாணை எடுத்துக் கடித்தார்.
நான் இன்னும் மூன்று தரம் தள்ளிப் பார்த்தேன்.

பின்னேரம் மீக்ரோ பைகளோடு அம்மா லிப்டில் ஏறினா.
ஜாக்கெட் என் பைக்குள் சுருண்டு கிடந்தது.
பார்மசி எப்படி என்று கேட்டா.
"பரவாயில்லை."
நான்காம் மாடி. கதவு திறந்தது.
அவ இறங்காமல் நின்றா.

"இண்டைக்குச் சத்தத்தைக் காணேல்லை.
ஆரோ வந்து வடிவாச் செய்திருக்கினம்."

என் நகங்களுக்குள் கறுப்பு.
கையைப் பின்னால் வைத்தேன்.
அவ மூக்கைச் சுருக்கினா,
என் பக்கம் திரும்பி
இன்னொருக்கா மோந்தா.