ஐந்தாம் மாசம்

காரைக்காலில் அது சரக்கு.
அரை பர்லாங்கு தள்ளி, வாஞ்சூர் செக்போஸ்டில்,
அதே சாராயம் கேஸு.

லாரி டியூபில் ஏழு லிட்டரை
வயிற்றோடு கட்டிக்கொண்டு
நாகூர் பஸ் ஏறுவாள் அஞ்சலாட்சி.
யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள்.
மாமூல் வாங்கும் ஏட்டய்யா
"எத்தனை மாசம்?" என்பார், முகத்தைப் பார்க்காமல்.
நாலு வருஷமாய் அவளுக்கு
ஐந்தாம் மாசம்.

அடைமழை ஐப்பசியில் ஏட்டு மாறினார்.
எவனோ சொல்லிக்கொடுத்திருந்தான்.
லத்தி நுனியால் அழுத்தினார்.
"அய்யா, இது நெசம்."
பஸ்ஸே சிரித்தது,
இடம் கொடுத்தவளும்தான்.
இன்னொரு முறை அழுத்தினார்,
கொஞ்சம் பலமாக.

அன்றைய ஸ்டேஷன் டைரியில்
நனைந்து ஊறிய நீல மையில்
ஒரே வரி:
சோதனையிட்டதில்
ஒன்றும் இல்லை.