இருப்பு

லாரி மூட்டைகளை இறக்கிவிட்டுப் போய்
அரைமணி ஆகவில்லை.
பதிவேட்டில் நான் இன்னும் தேதிகூடப் போடவில்லை.
ஜன்னல் சட்டத்தில் ஓர் எறும்பு.
ஒன்றே ஒன்று.
சாக்குத் தையலில் உதிர்ந்த சீனி மணியை
இரண்டு சுற்று சுற்றியது, ருசி பார்த்தது,
பிறகு வயிற்றைச் சுவரில்
ஒற்றி ஒற்றி
வந்த வழியே திரும்பிப் போனது,
பக்கத்துக்குப் பக்கம் கைநாட்டு வைத்தபடி.

கதவிடுக்கில் தலை நீட்டினாள் பேச்சித்தாய்.
"சீனி வந்துட்டா?"
நான் வாய் திறக்குமுன்
அவள் கட்டைவிரல் போனில்.

பத்து மணிக்குக் களக்காட்டுக் கடைக்கு
வரிசை இரண்டு.
ஒன்று வாழைத்தார் மண்டி வரை,
ஆள் பாதி, ஆளுக்குப் பதில் வைத்த பையும் கல்லும் பாதி.
மற்றது சுவரில், கறுப்பு நூல்.
வருவது போவதை மறித்து
மீசையோடு மீசை உரசிக் கேட்கிறது.
வெளியேயும் அதே கேள்விதான்:
"ஒரு கிலோதான் போடுதாவளா?"

வேலுக்கனியின் விரலை மெஷின் ஏற்கவில்லை.
முப்பது வருசம் பீடி சுற்றிய விரல்;
ரேகை எல்லாம் இலைக்குப் போய்விட்டது.
"தொடச்சிட்டு வைங்கக்கா" என்றேன்.
ஈர விரலை அவள் சுவரில் இழுத்துத் துடைக்க
நூல் அறுந்தது.

அறுந்த இடத்தின் இரு கரையிலும் கூட்டம்.
முன்னால் எட்டு வைப்பதும் பின்வாங்குவதுமாய்,
இருந்த சாலை எங்கே என்று
கொம்பால் காற்றைத் தடவிக்கொண்டு.
கடைசியில் எதுவோ ஒன்று துணிந்து கடந்தது.
நாலாவது தடவையில்
மெஷினும் பச்சை விளக்குக் காட்டியது.

மூன்று மணிக்கு முடிந்தது.
சாக்குகளைத் திருப்பி உதறினேன்.
எடை இருநூற்று நாற்பது கிராம் குறைவு.
காரணம் என்ற கட்டத்தில்
'சிந்தியது' என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு வந்த எறும்புகள்
சாக்கு மடிப்பெல்லாம் நுழைந்து தேடி
வயிற்றைத் தூக்கிக்கொண்டு திரும்பின.
எதுவும் எங்கும் ஒற்றவில்லை.
விளக்குப் போடும் நேரத்தில்
சுவர் வெறும் சுவர்.

மறுநாள் காலை
சிதம்பராபுரத்திலிருந்து பஸ் பிடித்து
ஐப்பசி மழையில் நனைந்த பையோடு ஒருவர்.
கரும்பலகையில் நேற்றே எழுதியிருந்ததைக் காட்டினேன்.
அவர் போனைக் காட்டினார்:
சீனி வந்தாச்சு, சீக்கிரம் போங்க.
இன்றைக்குக் காலையிலும்
மூன்று பேர் அனுப்பியிருக்கிறார்கள்.

கண்ணாடியில் வழிந்த தண்ணீரை
வேட்டி நுனியால் துடைத்துவிட்டு
மறுபடி தடவிப் பார்த்தார்,
மேலே, கீழே.
"இல்லைன்னு ஒருத்தரும் போடலியேம்மா."