நாற்பத்து மூன்று கேள்விகள்

பாடத்திட்டத்தில் நேரம் இப்படி இருந்தது:
அறிமுகம் ஐந்து நிமிடம், விளக்கம் பதினைந்து,
பயிற்சி இருபது, தொகுத்துரைக்க ஐந்து.
என் கையெழுத்து அதில் அழகாயிருந்தது.
வருகைப் பதிவுக்கே பதினொன்று போயிற்று.

வால்பரைசோவில், துறைமுகத்துக்கு மேலே,
ஒரு குன்றின் தோளில் பள்ளிக்கூடம்.
எட்டாம் வகுப்பு, பி பிரிவு. முப்பத்திரண்டு பேர்.
ஒரு ஜன்னல் மூடாது. ஒரு ஜன்னல் திறக்காது.
கரும்பலகையில் நான் வரைந்த நேர்கோடு
பாதிவழியில் மனம் மாறி வளைந்தது.

கடைசி பெஞ்சில் செனோரா ஒயர்சூன்,
வீங்கிய கணுக்காலைப் பையின்மேல் வைத்தபடி
மின்கட்டண ரசீதின் பின்புறம்
கோடு கிழித்துக்கொண்டே இருந்தார்.
பொழுதுபோகாமல் கிழிக்கிறார் என்று நினைத்தேன்.

மணி அடித்ததும் ரசீதை நீட்டினார்.
கேட்ட கேள்விகள்: நாற்பத்து மூன்று.
நானே பதில் சொன்னவை: முப்பத்தொன்பது.
மீதி நான்கில்
மூன்று, "புரிந்ததா?"
ஒன்று, "கதவைச் சாத்துகிறாயா?"
அதற்கு மட்டும்தான் ஒருவன் எழுந்தான்.

அன்றிரவு வாடகை அறையில்
கண்ணாடியைக் கேட்டேன்: "சாய்வு என்றால் என்ன?"
கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளப் பழகினேன்.
மௌனம் பொங்கிவரும் பால் மாதிரி,
கை தானாக அடுப்பை அணைக்கப் போகிறது.
இரண்டு வரை எண்ணினேன். மூன்று. ஒருமுறை நான்கு.
பக்கத்து அறை ஹெரால்தீன் சுவரைத் தட்டினாள்:
"யாரோடு சண்டை?"

வியாழக்கிழமை.
"சாய்வு என்றால் என்ன?"
ஒன்று.
யாரோ பென்சில் சீவுகிறார்கள்.
இரண்டு. மூன்று.
தெருவில் கேஸ் லாரி. சிலிண்டர்களை
இரும்புத் துண்டால் தட்டிக்கொண்டே போகிறான்.
நான்கு.
டாப்னே என் ஷூவையே பார்க்கிறாள்,
இடது லேஸ் அவிழ்ந்திருக்கிறது.
ஐந்து. காது சுடுகிறது.
பதில் என் நாக்கு நுனியில் நின்று கெஞ்சுகிறது.
ஆறு.
ஏழில், கையைத் தூக்காமல்,
மேசையில் கவிழ்ந்த தலையையும் தூக்காமல்,
சனி ஞாயிறுகளில் மாமாவோடு கேஸ் சுமக்கும்
யெரால்தோ சொன்னான்:

"ஏறும்போது சிலிண்டர் ஃபுல்லு, புரோஃபே.
இறங்கும்போது காலி.
படி என்னமோ அதே நூற்றறுபத்தேழுதான்."

சிரித்தார்கள்.
போன வாரமென்றால் நானும் சிரித்திருப்பேன்.
"கிட்டத்தட்ட சரி" என்று சொல்லி
அவன் பதிலின்மேல் என் பதிலை
மேசைவிரிப்புப் போல விரித்து மூடியிருப்பேன்.

அவன் சொன்னதை அப்படியே பலகையில் எழுதினேன்.
மேலே போகும் கோடு ஒன்று. கீழே வரும் கோடு ஒன்று.
"படி அதேயென்றால், எது மாறியது?"
மறுபடி எண்ணத் தொடங்கினேன்.
இரண்டிலேயே மூன்று பேர் கத்தினார்கள்.
மூன்றும் தவறு.
நாலாவதாக நஹுவேல்,
"கூட்டல்குறி கழித்தல்குறியாயிடுச்சு" என்றான்,
சொன்ன கையோடு தன்னையே சந்தேகித்து
ரப்பரைக் கடித்தான்.

பயிற்சிக் கணக்கு ஒன்றுகூட முடியவில்லை.
திட்டத்தின் இருபது நிமிடம் எங்கே போயிற்றோ.
ரசீதில்: கேள்விகள், ஒன்பது.
வலி மாத்திரை இருக்கிறதா என்று கேட்டார் செனோரா,
வேறெதுவும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஏ பிரிவில்
இதே கேள்வி, இதே சாக்பீஸ்.
பதினைந்து வரை எண்ணினேன்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
மூடாத ஜன்னலில் ஒரு கடற்காகம் வந்து உட்கார்ந்து
எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டுப் போயிற்று.

கல்லூரிப் படிவம் கேட்கிறது,
பயிற்சியில் நீங்கள் கற்றவை, ஐந்து வரிகளில்.
முதல் வரியில் "நூற்றறுபத்தேழு" என்று எழுதி
அடித்துவிட்டேன்.

பஸ் நிறுத்தத்தில் டாப்னே:
"நீங்க நிஜ புரோஃபேயா,
இல்ல சும்மா பழகிட்டிருக்கீங்களா?"
ஒன்று.
இரண்டு.
மூன்றில் அவள் பஸ் வந்துவிட்டது.
குனிந்து லேஸைக் கட்டினேன்.