உட்பக்கக் கட்டை

லெயிர்விக்கிலிருந்து வீடு திரும்பும் சுரங்கம்
கடலுக்கு அடியில் இறங்கும் இடத்தில்
சிவப்பு வட்டம், நடுவே ஓர் ஆச்சரியக்குறி.
வேறு சத்தமே இல்லை.
பழைய டீசல் வண்டி என்றால்
முனகியிருக்கும், இருமியிருக்கும்.
இதுவோ விளக்கைக் காட்டிவிட்டுத்
தன்பாட்டுக்கு ஓடியது.
ஏற்றம் தொடங்கியதும் அணைந்தும் போனது.

மறுநாள் மீன் ஆலை விட்டு வருகையில்
அதே இடம், அதே சிவப்பு.

"சின்ன பேட்டரியாக இருக்கும்" என்றான் சிமுன்,
படகை விற்றதிலிருந்து
மூன்று சொல்லுக்கு மேல் என்னிடம் செலவழிக்காத தம்பி.
மீட்டர் வைத்தேன். பன்னிரண்டு புள்ளி ஆறு.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
கைப்பிரேக்கும் முழுதாக இறங்கித்தான் இருந்தது.

பிறகுதான் உறைத்தது:
இறக்கத்தில் எரிகிறது, ஏற்றத்தில் அணைகிறது.
மூடியைத் திறந்தால்
கீழ்க்கோட்டுக்கும் கீழே பிரேக் எண்ணெய்.
வண்டி மூக்கைத் தாழ்த்தும்போதெல்லாம்
உள்ளே மிதவை தரைதட்டியிருக்கிறது.

புட்டி வாங்கி மேல்கோடு வரை ஊற்றினேன்.
விளக்கு போயிற்று.
மூன்று நாள் நல்ல தூக்கம்.

நான்காம் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு.
சிந்தாத எண்ணெய் எங்கே போகும்?
போர்வையைச் சுற்றிக்கொண்டு போய்
காருக்கு அடியில் அட்டை விரித்தேன்.
காலையில் அட்டையில் ஒரு துளி கறை இல்லை.
அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிறன்று சக்கரத்தைக் கழற்றினேன்.
"கதவைத் தொடாதே!" என்று சிமுனிடம் கத்தினேன்.
கதவு திறந்தாலே விழித்துக்கொண்டு
ஒருமுறை கடித்துப் பார்க்கும் பிரேக் இது.
என் விரல் அதன் வாய்க்குள்.

வெளிக்கட்டை புதுசு,
அச்சடித்த எண்கூட அழியவில்லை.
உள்கட்டை தேய்ந்து இரும்போடு இரும்பு.
இரண்டையும் சேர்த்து நகர்த்த வேண்டிய பின்
உப்பில் இறுகிச் செத்திருந்தது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இந்தத் தீவில் உப்பு
தொட்ட எதையும் மறப்பதில்லை.

பதினைந்து மாதமாக மோட்டாரே
வேகத்தைத் தின்று பேட்டரிக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.
பிரேக்குக்கு வேலையே வரவில்லை,
போன மாதம் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது தவிர.
வேலை இல்லாமலே அந்த ஒற்றைக் கட்டை மட்டும்
விடாமல் உரசிக்கொண்டு வந்திருக்கிறது.

எண்ணெய் எங்கும் போகவில்லை.
கட்டை தேயத் தேய பிஸ்டன் முன்னே வந்தது,
அது விட்ட இடத்தில் எண்ணெய் போய் நின்றது.
அவ்வளவுதான்.

கவ்வியை முறுக்கி பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளினேன்.
"மர்யுன், மேலே பார்!"
நான் அன்று ஊற்றியதெல்லாம்
வாய் நிறைந்து, வழிந்து,
மட்கார்டில் இறங்கிக்கொண்டிருந்தது.
தண்ணீர் தண்ணீர் என்று ஓடியவன்
தேநீர்க் கெட்டிலோடு வந்தான்.

இரண்டு பக்கமும் புதுக்கட்டை, புதுப் பின், கிரீஸ்.
அவன் பெடலை மிதித்தான்.
முதல் மிதி தரைவரை போனது.
முகம் வெளுத்து என்னைப் பார்த்தான்.
"மிதி. இன்னும் மிதி."
ஐந்தாவதில் கால் நின்றது.

மாலை துறைமுகச் சாலையில் யாரும் இல்லை.
ஓடி ஓடி வேண்டுமென்றே பத்து முறை நிறுத்தினேன்.
தட்டிலிருந்து துரு கரகரவென்று போனது.
பக்கத்து இருக்கையில் அவன்
ஒவ்வொரு முறையும் யாருக்கோ வணக்கம் வைத்தான்.
புல்மேட்டில் மூன்று ஆடுகள்
மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

பிறகு சுரங்கம். அடிவரை இறங்கினோம்.
சிவப்பு வரவில்லை.
அவனும் நானும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்
மேடு வரும்வரை.

வீட்டு வாசலில், மட்கார்டில்
கட்டைவிரல் அளவு பெயின்ட் உரிந்திருந்ததைத்
தடவிப் பார்த்தான்.
"படகுக்கு வாங்கின நீலம் ஒரு டப்பா கிடக்கிறது."
"கார் வெள்ளை," என்றேன்.
"தெரியும்," என்றான்.