அயடின்

கான் தாண்டும்போது கால் போனது.
கீழ்க்கால் எலும்பு இரண்டாய்.
தகடு வைத்தார்கள், திருகாணி எட்டு.
பதினான்கு மாதம்,
முனைகள் இரண்டும்
காணித் தகராறில் பிரிந்த பங்காளிகள்,
முகம் பார்க்கவில்லை.

பேராதனையில் டொக்டர் சந்தமாலி
சிங்களத்தில் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து
தமிழில் தடுக்கித் தடுக்கி ஏறினார்:
இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுப்போம்.
என்னவாக ஆவது என்று
இன்னும் முடிவுசெய்யாத செல்கள்
கொஞ்சம் அதில் இருக்கும்,
ஐம்பது வயதிலும்.
பல் பிடுங்கிய வைரஸின் முதுகில்
ஒரே ஒரு சொல்லை ஏற்றி
அவற்றுக்குள் அனுப்புவோம்:
எலும்பாகு.
பிறகு உடைந்த இடத்தில் வைப்போம்.
சோதனைதான். உறுதி இல்லை.
இங்கே கையெழுத்து.

"உங்கட தேயிலை மாதிரித்தான், சன்னாசி.
வெட்டினால் துளிர்க்கும்."

துளிர்க்காது டொக்டர், என்றேன்.
முப்பது வருசம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன்.
வைரஸைப் பற்றி என்ன சொன்னாலும் கேட்பேன்,
இதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.
சும்மா வெட்டினால் செத்துப்போகும்.
வெட்டுமுன் பென்சில் மொத்தத்தில் ஒரு வேரைத் தோண்டி
குறுக்கே சீவி அயடின் விடுவோம்.
கருநீலம் ஓடினால்
வேருக்குள் சோறு இருக்கிறது, வெட்டலாம்.
மஞ்சளாகவே நின்றால்
துரையே வந்து நின்றாலும் கத்தி உறைக்குள்.

எனக்கு யார் அயடின் விட்டுப் பார்த்தது?

அவர் சிரிக்கவில்லை.
பேனாவை மூடி வைத்தார்.
கையெழுத்து அன்றைக்கு இல்லை என்றார்;
மஜ்ஜையை மட்டும் எடுத்தார்கள்.

நாலு வாரம் கழித்து ஆய்வுகூடத்தில்
உள்ளங்கை அளவு தட்டு.
அதில் நான்.
முப்பத்தேழு பாகைச் சூட்டில்
கதவு மூடிய பெட்டிக்குள் வளர்ந்திருக்கிறேன்.
லயத்தில் எனக்கு
அப்படியொரு சூடு கிடைத்ததில்லை.
சாயம் ஊற்றினார்.
திட்டுத்திட்டாய்ச் சிவந்தது,
வெற்றிலை துப்பிய சுவர்.
"சுண்ணாம்பு சேர்ந்த இடம்தான் சிவக்கும்."
எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.
"ஆனால் இது தட்டில்," என்றார். "காலில் எப்படியோ."
பேனாவைக் கேட்டு வாங்கினேன்.

இப்போது மாவுக்கட்டு.
செக்ரோலில் பேர் இல்லை.
மாரியாயி எடுக்கிற கொழுந்தில்தான் உலை.
தைப்பூசம் முடிந்த செவ்வாய் எக்ஸ்ரே.

வெட்டிய மலை
இரண்டு மாதம் மொட்டையாய் நிற்கும்.
அந்தப் பக்கம் நாங்கள் போவதில்லை;
போனால் கை சும்மா இருக்காது,
நகத்தால் பட்டையைக் கீறிப் பச்சை தேடும்.

தெரிந்தவன்தான்.
ஆனாலும் ராத்திரி
கம்பளிக்குள் கையை விட்டு
மாவுக்கட்டைத் தட்டிப் பார்க்கிறேன்.